கேட்பாரற்ற பழமை: யார்க் கடைத்தெருவை முன்வைத்து

1

இங்கிலாந்தின் வடக்கே யார்க் நகரில் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, கறி வாங்கிக் குழம்பு வைக்கலாம் என்று பேச்சு வந்தது. நகரின் நடுவே ஷாம்பிள்ஸ் என்றொரு தெரு இருப்பதையும், அது பல நூற்றாண்டுகளாகக் கறிக்கடைத் தெருவாகவே இருந்ததையும் படித்துவிட்டுப் போயிருந்த நான், அங்கேயே போய் வாங்கிவிடலாமே என்றேன். சிரித்தான். "பேருதான்டா கறித்தெரு. அங்க கொக்கி இருக்கும், கறி இருக்காது. கறி வேணும்னா வண்டிய எடுக்கணும்."

அவன் இதை ஒரு தகவலாகத்தான் சொன்னான். எனக்கோ அது ஒரு விமர்சனக் கூற்றாகவே காதில் விழுந்தது. இனி நான் எழுதப் போவதெல்லாம் அந்த ஒரு கூற்றுக்கான நீண்ட உரை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட ஊர்களை வாசிப்பதற்கு நம்மிடம் தயாராக ஒரு கருவி இருக்கிறது. போத்ரியாரிடமிருந்து பெற்று, சிறுபத்திரிகைக்காரர்கள் நாம் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றித் தேய்த்துவிட்ட கருவி. அசல் என்று ஒன்று இல்லை, இருப்பதெல்லாம் நகலின் நகல்தான். சுற்றுலா நகரம் என்பது வரலாற்றின் இடத்தில் வைக்கப்பட்ட பொம்மை வரலாறு. ஆகவே அங்கே நடக்கும் வியாபாரம் போலியின் வியாபாரம். இந்தச் சரக்கைச் சுமந்துகொண்டுதான் நானும் போனேன். முதல் அரைமணி நேரத்திலேயே அது பயன்படாது என்று தெரிந்துவிட்டது. யார்க்கில் போலி இல்லை. மதில்கள் உண்மை, மரவீடுகள் உண்மை, கொக்கிகள் உண்மை. கடைக்காரர் எதையும் இட்டுக்கட்டவில்லை. அசலை வைத்தே ஒரு பெரிய மறைப்பு நடக்கிறது என்றால், நகல் பற்றிய கோட்பாடு அங்கே என்ன செய்யும்? என் சிக்கல் இதுதான்.

2

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன், தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வேறு வாசல் தெரியாது. ஷாம்பிள்ஸ் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் பலகை, முக்காலி என்ற பொருளுள்ள ஒரு சொல்லிலிருந்து வருகிறது. கறியைப் பரப்பி வைக்கும் பலகை. பலகை கடைக்கு ஆகி, கடை தெருவுக்கு ஆகி, பின்பு வெட்டுமிடத்துக்கும் ஆகி, அங்கிருந்து போர்க்களத்துப் பிணக்குவியலுக்கும் ஆகி, இன்றைய ஆங்கிலத்தில் வெறும் 'அலங்கோலம்' என்று வந்து நிற்கிறது. மேசை ஒழுங்காக இல்லாவிட்டால்கூட இந்தச் சொல்லைச் சொல்லலாம். ரத்தம் சொல்லிலிருந்தே கழுவப்பட்டுவிட்டது. தெருவில் நடந்ததும் இதுதான்.

1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பிலேயே இந்தத் தெருவின் கடை குறிக்கப்பட்டிருக்கிறது. இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை 14, 15ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு வருகின்றன. சில இடங்களில் எதிரெதிர் மாடிகளிலிருந்து இரண்டு பேர் கைநீட்டினால் தொட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. கீழே நிற்கும் பயணி இதை 'அழகு' என்கிறார். அது கறியின்மேல் வெயில் விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு. நடைபாதை இரு ஓரங்களிலும் உயர்ந்து, நடுவில் பள்ளமாக இருக்கிறது. அது ரத்தமும் குடல்கழிவும் ஓடுவதற்கான வாய்க்கால். அகன்ற ஜன்னல் பலகைகள் கறி பரப்புவதற்கு. அவற்றுக்கு மேலே இரும்புக் கம்பியும் கொக்கியும் முழு உடலைத் தொங்கவிடுவதற்கு. தெருவின் ஒவ்வொரு வளைவையும் ஒரு தொழிலின் தேவை தீர்மானித்திருக்கிறது. அந்தத் தொழில் போய்விட்டது; தேவை 'பாணி' ஆகிவிட்டது.

1872இல் இங்கே 25 கறிக்கடைகள் இருந்தன. இன்று பை, தொத்திறைச்சி விற்கும் கடை கண்ணில் படலாமே தவிர, வெட்டுப்பலகை வைத்த கறிக்கடை என்று ஒன்றுகூட இல்லை. மிட்டாய், வெள்ளி நகை, கம்பளித் தொப்பி, தேநீர். 2017இலிருந்து மந்திரக்கோல் விற்கும் ஹாரி பாட்டர் கடைகளும் சேர்ந்துகொண்டன. அந்தப் படங்களின் மந்திரக் கடைவீதி லண்டனுக்கு வெளியே ஸ்டூடியோவில் போடப்பட்ட செட். ஷாம்பிள்ஸில் எடுத்ததே இல்லை. ஆனாலும் தெரு அந்த செட்டைப் போல இருக்கிறது என்பதற்காகவே கூட்டம் வருகிறது. உடனே போத்ரியாரைக் கூப்பிடத் தோன்றும். கூப்பிட வேண்டாம் என்கிறேன். மந்திரக்கோல் போலியாகவே இருக்கட்டும், அது தொங்குகிற கொக்கி எது? அது நிஜக் கொக்கி. போலிப் பண்டத்துக்கு விலை ஏறுவது நிஜக் கொக்கியால்தான்.

இந்தத் தெருவில் ஒரு விதிவிலக்கு உண்டு. மார்கரெட் கிளித்தரோ என்ற பெண் இங்கே கறிக்கடைக்காரரின் மனைவியாக வாழ்ந்தவர். கத்தோலிக்கப் பாதிரிமாருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று நின்றார். விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்பதுதான் காரணம். 1586 மார்ச் 25 அன்று, உடல்மேல் கதவைக் கிடத்தி அதன்மேல் பாரம் ஏற்றிக் கொன்றார்கள். 1970இல் ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் பெயரில் ஷாம்பிள்ஸின் ஒரு வீடு வழிபாட்டிடமாக ஆனது. வேடிக்கை என்னவென்றால், அவர் உண்மையில் வாழ்ந்த வீடு எதிர்வரிசையில் இருந்திருக்க வேண்டும் என்பது பின்னால் வந்த கணிப்பு. ஆக, தெரு முழுக்க அசல், இந்த ஒரு இடத்தில்தான் விலாசம் தவறு. ஆனால் தெருவில் வாழ்ந்த மனிதர் ஒருவரைப் பெயர் சொல்லி நினைத்ததும் இந்த ஒரு இடத்தில்தான். அசல்தன்மையும் நினைவும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கிளித்தரோவுக்காகக் கேட்க ஒரு திருச்சபை இருந்தது. வெட்டுக்கத்தி பிடித்த மற்றவர்களுக்காகக் கேட்க யாரும் இல்லை.

3

யார்க்கின் இன்னொரு சரக்கு சாக்லெட். ரௌன்ட்ரீ, டெர்ரி என்ற இரண்டு குடும்பங்கள் இந்த ஊரை சாக்லெட் ஊராக்கின. நம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்துவிட்ட கிட்கேட் 1935இல் வேறொரு பெயரில் இங்கேதான் பிறந்தது. 1937இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1988இல் நெஸ்லே ரௌன்ட்ரீ கம்பெனியை வாங்கியது. டெர்ரி ஆலை 2005இல் மூடப்பட்டது. 2012இல் நகர நடுவில் சாக்லெட்டின் கதையைச் சொல்லும் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. ஆலை போனால் கதை வருகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்காரரான சீபோம் ரௌன்ட்ரீ 1899இல் ஒரு காரியம் செய்தார். யார்க்கின் தொழிலாளர் வீடுகள் அத்தனைக்கும் ஆள் அனுப்பி, 11,560 குடும்பங்களின் வரவுசெலவைக் கணக்கெடுத்தார். 1901இல் புத்தகமாக வந்தது. நகர மக்கள்தொகையில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு. வறுமை லண்டனின் சேரிகளில் மட்டும்தான், கோயில்மணி கேட்கும் பழைய ஊர்களில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

நமக்கு முக்கியமானது அவர் போட்ட கடைச்சீட்டு. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம் உடம்பை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள வாரத்துக்கு என்ன தேவை? சாப்பாட்டுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், துணிமணி, விளக்கு, விறகுக் கரி இத்யாதிக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். மொத்தம் 21 ஷில்லிங் 8 பென்ஸ். இதற்குக் கீழே போனால் முதல்நிலை வறுமை. அந்தக் கோடு எவ்வளவு இறுக்கமானது என்று ரௌன்ட்ரீயே விளக்குகிறார்: பஸ் கட்டணம் கிடையாது, பத்திரிகை கிடையாது, ஊருக்குக் கடிதம் போடத் தபால்தலை கிடையாது, குழந்தைக்குப் பொம்மை கிடையாது. சாப்பாட்டுப் பட்டியலில் ரொட்டி, கஞ்சி, ஆடை எடுத்த பால், பாலாடைக்கட்டி, கொஞ்சம் உப்பிட்ட பன்றி இறைச்சி. கறிக்கடைக் கறி ஒரு துண்டுகூட இல்லை.

ஒரே நகரம். ஒரு தெருவில் வரிசையாகக் கறிக்கடை. நடந்து போகிற தூரத்தில், கறி என்ற பேச்சே இல்லாத கடைச்சீட்டு. அந்தச் சீட்டுக்கும் வழியில்லாதவர்கள் 7,230 பேர். கொக்கியில் கறி தொங்கிய நாளிலும் அது எல்லோருக்கும் தொங்கவில்லை. 'பழைய காலத்துக் கடைத்தெரு' என்று ஏக்கத்தோடு சொல்லும்போது யாருடைய கடைத்தெருவைச் சொல்கிறோம் என்ற கேள்வி இங்கே எழுகிறது. அந்த ஏக்கம் வாங்க முடிந்தவனின் ஏக்கம். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனவளுக்கு அந்தத் தெரு வேறு பிரதி.

4

காப்பர்கேட் என்ற பெயரைக் கேட்டால் தாமிரம் என்றும் கதவு என்றும் தோன்றும். இரண்டும் தப்பு. 'கேட்' இங்கே வைகிங்குகள் விட்டுச்சென்ற சொல், தெரு என்று பொருள். மரக்கிண்ணம் கடைந்தவர்களின் தெரு அது. 1976 முதல் 1981 வரை அங்கே பெரிய அகழாய்வு நடந்தது. பத்தாம் நூற்றாண்டு வைகிங் குடியிருப்பு, வேலியும் சுவரும் செருப்புமாக ஈரமண்ணில் அழுகாமல் கிடைத்தது. எதற்காகத் தோண்டினார்கள்? ஷாப்பிங் சென்ட்டர் கட்டுவதற்காக. இதில் நம் வழக்கமான கண்டனம் எடுபடாது. கடை கட்டாவிட்டால் தோண்டியிருக்க மாட்டார்கள், தோண்டாவிட்டால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வியாபாரம் வரலாற்றை அழிக்கிறது என்பது பாதி உண்மை. சில சமயம் அதுவே மண்வெட்டியும் வாங்கித் தருகிறது. இந்த இரட்டைத்தன்மையை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவது நேர்மையில்லை.

மேலே கடைகள், கீழே 1984இல் திறக்கப்பட்ட யோர்விக் காட்சியகம். சிறு வண்டியில் உட்கார வைத்து வைகிங் தெருவுக்குள் அழைத்துப் போகிறார்கள். சந்தை இரைச்சல், மீன் நாற்றம், கக்கூஸ் நாற்றம்கூட உண்டு. அங்கே கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருக்கும் பொருள்களில் பேர்பெற்றது ஒரு மனிதமலம். ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் யாரோ ஒருவர் கழித்தது. 1972இல் பக்கத்துத் தெருவில் வங்கிக் கட்டடம் எழும்பியபோது கிடைத்தது. அந்த வங்கியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். 2003இல் கீழே விழுந்து மூன்றாக உடைந்தபோது பத்திரமாக ஒட்ட வைத்தார்கள். அவர் இறைச்சியும் ரொட்டியும் தின்றார் என்றும், வயிறு நிறையப் பூச்சி இருந்தது என்றும் அதை ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இது கேலிக்குரியதாகப் படவில்லை. ஒரு சாமானியனின் வயிற்றுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கே கிடைக்கும்! ஆனால் ஒன்று உறுத்தியது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய யார்க்காரனின் வயிறு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. 1899ஆம் வருஷத்து யார்க்காரியின் வயிறு, பென்ஸ் பென்ஸாகக் கணக்கெடுக்கப்பட்ட பிறகும், எந்த நினைவுப்பொருள் கடைக்கும் வரவில்லை. வைகிங் தொப்பி விற்கிறது. 21 ஷில்லிங் 8 பென்ஸ் கடைச்சீட்டை அச்சடித்த தேநீர்க் கோப்பையை நான் எங்கும் பார்க்கவில்லை. ஏன்? வைகிங்கின் பசி யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவனுக்காகக் கேட்கவும் இன்று ஆள் இல்லை. 1899ஆம் வருஷத்தவளின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் வெளிவட்டத்தில் குடியிருக்கக்கூடும். அவள் பசி இன்னும் பைசல் ஆகாத கணக்கு. கேட்க ஆள் இல்லாத பழமையே நல்ல சரக்கு. கேட்க ஆள் இருக்கிற பழமை வியாபாரத்துக்குத் தொந்தரவு.

5

இந்த முடிவைச் சோதித்துப் பார்க்க, காப்பர்கேட்டிலிருந்து சில நிமிஷம் நடந்தால் போதும். புல் மூடிய ஒரு மேடு, அதன்மேல் கிளிஃபோர்ட் கோபுரம். இப்போதிருக்கும் கல்கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்கு முன் அங்கே மரக்கோபுரம் இருந்தது. 1190 மார்ச்சில், யார்க்கின் யூதர்கள், ஏறத்தாழ 150 பேர், கும்பலுக்குப் பயந்து அரசனின் அந்தக் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். மார்ச் 16 இரவு, மதம் மாறுவதைவிடச் சாவது மேல் என்று பலர் தங்கள் பெண்டுபிள்ளைகளைக் கொன்று தாங்களும் செத்தார்கள், கோபுரம் எரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களைக் கும்பல் வெட்டியது. பிறகு அந்தக் கும்பல் நேராகப் போனது எங்கே தெரியுமா? நகரின் பெரிய தேவாலயத்துக்கு. யூதர்களிடம் கடன் வாங்கியதற்கான பத்திரங்கள் அங்கேதான் பாதுகாப்பில் இருந்தன. கோயிலுக்குள்ளேயே போட்டு எரித்தார்கள். முன்னால் நின்ற பிரபுக்களில் பலர் கடன்காரர்கள். மதவெறியின் அடியில் ஒரு கடைக்கணக்கு இருந்தது.

அரசு கற்றுக்கொண்ட பாடம் அதைவிடக் கொடுமை. 1194இல், யூதர் கொடுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் இரட்டைப் பத்திரம் எழுதி, ஒரு பிரதியை அதிகாரப்பூர்வப் பெட்டியில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்தது. செத்த யூதனின் கடன் அரசனுக்குச் சேரவேண்டியது அல்லவா! ஆளைக் காப்பாற்ற வழி தேடவில்லை, கணக்கைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்தார்கள். 1290இல் யூதர் அனைவரையும் நாட்டைவிட்டே விரட்டினார்கள்.

இந்த மேட்டைச் சுற்றி நெடுங்காலம் கார் நிறுத்தம்தான் இருந்தது. அதன் பக்கத்தில் புதிய ஷாப்பிங் வளாகம் எழுப்பும் திட்டம் ஒன்று வந்து, பொதுவிசாரணைக்குப் போய், 2003இல் அரசால் நிராகரிக்கப்பட்டது. பின்னர் மேட்டின் அடிவாரத்தைக் குடைந்து பார்வையாளர் மையம் அமைக்க 2016இல் அனுமதி கிடைத்தது. ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் அதுவும் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எல்லோரும் 1190ஐ நினைத்துத்தான் எதிர்த்தார்கள் என்று சொல்லமாட்டேன். மேட்டின் தோற்றம் கெட்டுவிடும் என்பதே பலரின் கவலை. ஆனால் அந்த விவாதங்களில் செத்தவர்களின் பெயரால் பேசவும் ஆள் இருந்தார்கள். பேச்சு எழுந்த இடத்தில் கடை எழவில்லை.

6

கடைசியில் கறி வாங்கிய கதைக்கு வருகிறேன். நண்பன் வண்டியை எடுத்தான். மதிலுக்கு வெளியே ஃபாஸ் ஆற்றங்கரையில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட். கறி இருந்தது, பிளாஸ்டிக் தட்டில், மேலே மெல்லிய தாள் ஒட்டி, ரத்தத்தை உறிஞ்ச அடியில் பஞ்சு வைத்து. கொக்கி இல்லை. அங்கே கொக்கி இருக்கிறது, கறி இல்லை. இங்கே கறி இருக்கிறது, கொக்கி இல்லை. இரண்டு இடத்திலும் வெட்டுகிறவன் இல்லை.

வெளியே வந்தபோது, அந்த இடத்தின் பெயர் ஜ்யூபரி என்று கண்ணில் பட்டது. யார்க் யூதர்களின் இடைக்கால இடுகாடு இதுதான். 1290 வரை இங்கே புதைத்திருக்கிறார்கள். 1982-83இல், சூப்பர்மார்க்கெட் கட்டுவதற்கு முன் தோண்டியபோது ஏறத்தாழ 500 எலும்புக்கூடுகள் வந்தன. காப்பர்கேட்டில் போலவே இங்கும் கடைக்காகத்தான் தோண்டினார்கள். ஆனால் முடிவு வேறு. தலைமை ராபை தலையிட்டார். இவர்கள் எங்களவர்கள், ஆராய்ச்சியை நீட்டாமல் மறுபடி மண்ணில் சேருங்கள் என்று யூத சமூகம் கேட்டது. 1984இல் அவர் முன்னிலையிலேயே மீண்டும் புதைத்தார்கள். அதே 1984இல்தான் யோர்விக் திறந்தது. ஒரே ஊர், ஒரே வருஷம், இரண்டு தோண்டல். கேட்க ஆள் இல்லாதவர்கள் காட்சிக்குப் போனார்கள். கேட்க ஆள் இருந்தவர்கள் மண்ணுக்குப் போனார்கள். அந்த மண்ணிலும் ஒரு பகுதி இன்று கார் நிறுத்தம். கடை முழுக்கத் தோற்றுவிடவில்லை.

ஆகவே, இத்தகைய நகரங்களில் 'இது அசலா நகலா' என்று கேட்டுக் கோட்பாட்டுச் சுகம் காண்பதை நாம் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். அசல்தான் என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார். அவருக்கு அதனால் லாபமே. இந்த அசலுக்கு உரிமை கோரி வந்தவர்கள் யார், வராமல் போனவர்கள் யார், வரவிடாமல் செய்யப்பட்டவர்கள் யார் என்று கேட்டால்தான் அவருக்குப் பதில் யோசிக்கவேண்டி வரும்.

எனக்கும்தான். ஊருக்குத் திரும்பும் முன் ஷாம்பிள்ஸில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று வாங்கினேன். கோணலான மாடிகள், குறுகலான தெரு, ஜன்னலுக்கு மேலே நுணுக்கமாக வார்த்த கொக்கிகூட இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து, அழகாக இருக்கிறதே, என்ன தெரு என்கிறார்கள். கறிக்கடைத் தெரு என்கிறேன். அப்படியா என்று சொல்லிவிட்டு, என்ன விலை என்று கேட்கிறார்கள்.